ஒத்த முடிச்சு

“புடிண்ணா, பிரேக்கைப் புடி! சோத்துக்கைப் பக்கம் லாரி!”

பின்சீட்டிலிருந்து கத்தியவள் தமிழ்நிலா. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாதவள். அவள் சொல்லித்தான், இரண்டு கண்ணும் பளிச்சென்று தெரிகிற அவள் அண்ணன் அன்புச்செல்வன் பிரேக்கைப் பிடித்தான்.

சாம்பல் ஏற்றிய டிப்பர் ஒன்று மொபெட்டின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் உறுமிக்கொண்டு திரும்பியது. கிழிந்த தார்ப்பாய் வழியாக ஒரு கை சாம்பலை அள்ளி இரண்டு பேர் முகத்திலும் பூசிவிட்டுப் போனது.

“உனக்கு எப்பிடித் தெரிஞ்சிது?”

“அவன் ஆரன் அடிக்கல. ஆனா கியர் மாத்துனான். நீ காதை எங்க வச்சிகினு ஓட்டுற?”

“கடியாரத்துல வச்சிகினு ஓட்டுறேன். மணி ஒண்ணு பத்து.”

ஒன்று பத்து. மூன்று மணிக்குப் பரீட்சை. அதற்குள் ஓர் ஊமைக்கு வாய் வரவேண்டும்.

ஊமை என்பது ஒரு கம்ப்யூட்டர். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டைத் தாண்டிப் புதிதாக வந்திருந்த தனியார் மருத்துவமனையின் விசாரணை மேஜையில், காலையில்தான் பெட்டி பிரித்து வைத்திருந்தார்கள். அந்த மேஜையில் உட்கார்ந்து போன் எடுக்க ஆள் தேவை, மாற்றுத்திறனாளிக்கு முன்னுரிமை, வேலை பர்மனென்ட் என்று விளம்பரம் வந்திருந்தது.

பர்மனென்ட். அன்பு ஒன்பது வருஷமாக நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் கூலி. அவன் அப்பா இருபத்திரண்டு வருஷம் காண்ட்ராக்டாகவே இருந்து, காண்ட்ராக்டாகவே போய்ச்சேர்ந்தார். முத்தாண்டிக்குப்பத்தில் அவர்கள் வீட்டுக்கு அந்த வார்த்தை, பக்கத்துத் தெருக் கல்யாணத்து மேளம் மாதிரி. சத்தம் கேட்கும். பந்தியில் இடம் இருக்காது.

இப்போது முதல்முறையாக அவர்கள் வீட்டு வாசலில் மேளம். அது கெட்டது ஒரு கம்ப்யூட்டர் சில்லால்.

அந்த மருத்துவமனையில் எல்லாக் கம்ப்யூட்டரும் லினக்ஸில் ஓடின. காசு கொடுத்து வாங்குகிற சரக்கு இல்லை அது. ஊர்கூடித் தேர் இழுப்பதுபோல உலகத்தில் பல பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டது. தமிழ்நிலாவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பில் லினக்ஸும் இருந்தது. மற்ற பிள்ளைகள் எல்லாம் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் விட்டுவிட, அவள் மட்டும் அதற்குள்ளேயே நான்கு வருஷம் குடியிருந்தாள். திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் ஏற்பாடு அதிலேயே உண்டு. அந்தக் குரல் காதில் விழுந்தால் போதும், பார்வையுள்ளவர்களை விட வேகமாக வேலை செய்வாள்.

குரல் விழவில்லை. அதுதான் சிக்கல்.

“மெஷின் ரொம்பப் புதுசு. இதுல இருக்கிற சவுண்டு சில்லை லினக்ஸுக்கு இன்னும் அடையாளம் தெரியல” என்று கையைப் பிசைந்தாள் ஹரிணி. மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண். “பழைய மெஷின் எல்லாம் வார்டுல ஓடிட்டிருக்கு, எடுக்க முடியாது. வெளி லேப்டாப்பை நம்ம நெட்வொர்க்ல சேர்க்க விடமாட்டாங்க. ஒரே வழி, வெளியில செருகுற சவுண்டு கார்டு. விரல் நீளம்தான் இருக்கும். ஆனா செருகின உடனே லினக்ஸ்ல பேசணும்.”

நிர்வாக அதிகாரி கொளஞ்சிநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்களிடம்தான் கெஞ்ச முடியாது.

“மூணு மணிக்கு நான் பக்கத்து ரூம்லேர்ந்து போன் பண்ணுவேன். மூணு கால். ஒழுங்கா பதில் வந்தா இந்த நாற்காலி உனக்கு. மெஷின் பேசலைன்னா அது உன் தப்பு இல்லம்மா, எனக்குத் தெரியும். ஆனா நாளைக்கு இந்த மேஜை காலியா இருக்கக் கூடாது. வெளியில இன்னொரு பொண்ணு காத்துக்கிட்டிருக்கு.”

அப்போது பிடித்த ஓட்டம்.

மந்தாரக்குப்பத்தில் முதல் கடையில் வாங்கியது, கூடவே வந்த சி.டி.யைப் போட்டால்தான் வேலை செய்யுமாம். அந்த சி.டி. லினக்ஸுக்கு ஆகாதாம். அதைச் செருகிப் பார்க்க மருத்துவமனைக்கு ஒரு ஓட்டம். திரும்பவும் கடைக்கு ஓடினால், கடைக்காரர் பிரித்த பாக்கெட்டைத் திருப்பி வாங்கமாட்டேன் என்றார்.

“லினக்ஸ்ல பேசுமான்னு கேட்டுத்தானே சார் வாங்கினேன்? பேசும்னு சொன்னீங்களே?”

“நான் ஏதோ ஊர் பேருன்னு நெனச்சேன் தம்பி.”

இரண்டாவது கடையில் வாங்கியது இப்போது தமிழ்நிலாவின் உள்ளங்கைக்குள் இருந்தது. அதோடுதான் இந்தப் பயணம். அதற்காகத்தான் இந்த லாரி கண்டம்.

ஒன்று இருபதுக்கு மருத்துவமனைக்குள் நுழைந்தார்கள். ஹரிணி செருகினாள். தமிழ்நிலா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஒரே இரைச்சல். வாணலியில் கடுகு பொரிகிற மாதிரி.

“அண்ணா, திரையில இன்னா வந்திருக்கு?”

ஹரிணி மேஜைக்கு அடியில் குனிந்து வயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்போடு நின்ற அன்பு, தங்கைக்காகக் கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டினான்.

“எஃப்பு... ஏ... ஐ... எல்லு... ஈ...”

“போதும்ணா. ஃபெயில்.”

“இன்னும் ஒரு எழுத்து பாக்கி இருக்கு.”

“அது வந்து ஒண்ணும் பாஸ் ஆக்கிடாது.”

ஹரிணி எழுந்து நின்றாள். “ரெண்டாவதும் ஊமைதான். எந்தச் சில்லு உள்ள இருக்குன்னு அட்டைப் பெட்டியில போடமாட்டாங்க. ஒரே பேர்ல வர்றதுல ஒண்ணு ஓடும், ஒண்ணு ஓடாது. ஏற்கெனவே லினக்ஸ்ல செருகிப் பாத்து, பேசுதுன்னு தெரிஞ்ச கார்டு கையில கிடைச்சாத்தான் உண்டு. இந்த ஊர்ல அப்படி யார்கிட்ட இருக்கும்?”

தமிழ்நிலா கீழுதட்டைக் கடித்தாள். சின்ன வயதிலிருந்து அவள் ஒன்றை மறைக்கும்போது செய்கிற வேலை அது. அன்புவுக்குத் தெரியும்.

“நெலா. யாரு?”

“ஒரு வூடு இருக்கு.”

“இருக்கா? ரெண்டு கடை ஏறி எறங்கினோமே, அப்பவே வாயைத் திறக்கிறதுக்கு இன்னா?”

“அங்க போவக் கூடாதுன்னு இருந்தேன்.” அவள் பழைய பட்டன் போனை எடுத்துத் தடவி நம்பரை அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அடித்தாள். மறுபடியும் நின்றது. “எடுக்கல. நேர்லதான் போவணும். டவுன்ஷிப்ல பதினெட்டாம் வட்டம்.”

“யாரு அவரு? உனக்கு எப்பிடிப் பழக்கம்?”

“லினக்ஸ் சந்தேகம் கேட்டு போன் பண்ணுவாரு. ஒரு தடவை பென் டிரைவுல போட்டு தபால்ல அனுப்பினேன், அப்ப அட்ரஸ் சொன்னாரு. அதுக்கு மேல கேக்காதண்ணா. சத்தியம் பண்ணியிருக்கேன்.”

சத்தியத்தைக் கிளற நேரம் இல்லை. மொபெட்டை உதைத்தான்.

சுரங்கத்தின் பர்மனென்ட் ஊழியர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் சத்தம் எல்லாம் அடங்கியது. இரண்டு பக்கமும் மரம், வரிசையாக ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ்கள். பதினெட்டாம் வட்டத்தில் தெருவையும் எண்ணையும் கண்டுபிடித்து வண்டியை நிறுத்தியபோது மணி இரண்டுக்கு ஐந்து நிமிஷம்.

கேட்டைப் பார்த்தான். இறங்கின கால் தரையில் ஒட்டிக்கொண்டது.

கேட்டின் மேல்கம்பியில் ஒரு வெள்ளை ஈரிழைத் துண்டு தொங்கியது.

அந்த வட்டத்தில் அதற்கு விளக்கம் தேவையில்லை. உள்ளே நைட் ஷிஃப்ட் பார்த்தவர் தூங்குகிறார். அந்தத் துண்டைப் பார்த்தால் பால்காரர் மணி அடிக்கமாட்டார். காஸ் சிலிண்டர் போடுகிறவர் உருட்டாமல் தோளில் தூக்கிப் போவார். பையன்கள் கிரிக்கெட்டைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றிக்கொள்வார்கள். சண்டை போடுகிற புருஷன் பெண்டாட்டிகூட அந்த வீட்டைத் தாண்டிப் போய்ச் சண்டை போடுவார்கள்.

காண்ட்ராக்ட்காரன் தூக்கத்துக்குத் துண்டு கிடையாது. அன்பு தகரக் கூரைக்கு அடியில், ஒலிபெருக்கிக்கும் கோழிக்கும் நடுவில் நைட் ஷிஃப்ட் தூக்கம் தூங்கிப் பழகினவன். அதனால்தானோ என்னவோ, துண்டு தொங்குகிற கேட் அவனுக்குக் கோயில் வாசல். போன வருஷம் அவன் பக்கத்தில் நின்று வேலை பார்த்த குழந்தைவேல், பகல் தூக்கம் கெட்ட ஒரு ராத்திரியில் கன்வேயர் ஓரம் கண் அசந்தான். இரண்டு விரல் போயிற்று.

கேட்டுப் பக்கத்துச் சுவரில் பெயர்ப்பலகை. எழுத்துக் கூட்டினான். க. கருப்பசாமி.

இரண்டு அடி பின்னால் வந்தான்.

“நெலா... இவரு அடுத்த சுரங்கத்துப் பக்கெட் வீல் ஆபரேட்டர்டி! பேரு கேள்விப்பட்டிருக்கேன்.”

“தெரியும்.”

“இன்னா தெரியும்? அந்த ராட்சச சக்கரம் ஒரு வாய்க்கு ஒரு லாரி மண்ணைத் தின்னும். அதை இழுத்துப் புடிச்சிகினு மேல ஒக்காந்திருக்கிறவரு இவரு. பகல்ல இவரு தூக்கத்தைக் கெடுத்தா ராத்திரி கீழ நிக்கிறவன் கதி இன்னா? கீழ நிக்கிறவன் யாரு? என்ன மாதிரி காண்ட்ராக்ட்காரன்!”

“மணியை அடிண்ணா.”

“மாட்டேன். அவரா எழுந்து வரட்டும். ரெண்டரைக்கு எழுந்துடுவாரு. சாப்பிட எழுந்துதான் ஆவணும்.”

“ரெண்டரைக்கு இங்க கெளம்பினா மூணுக்கு முன்னால போயிடலாமா?”

கணக்குப் போட்டான். போய்விடலாம்தான், டிப்பர் எதுவும் குறுக்கே வராமல் இருந்தால். வேப்பமர நிழலில் மொபெட்டைச் சாய்த்து நின்றார்கள். ஐந்து நிமிஷம். பத்து. உள்ளே அசைவே இல்லை. அன்பு கேட்டைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். உள்ளே ஒருவர் தூக்கம். வெளியே ஒருத்தி வாழ்க்கை. எதைக் கலைப்பது?

இரண்டு பன்னிரண்டு.

தமிழ்நிலா நகர்ந்தாள். கையை நீட்டிக் கேட்டைத் தேடினாள். விரல் துண்டில் பட்டது. அதை ஒரு முறை தடவிப் பார்த்தாள். அன்புவின் கண்முன்னால் அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. அடுத்த நொடி கொண்டியைப் பிடித்து டங் டங் டங் என்று ஆட்டினாள். தெரு முழுக்க எதிரொலித்தது.

“அடிப்பாவி!”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஒரு பெரியவர் ‘துண்டு தெரியலையா’ என்பதுபோல முறைத்தார். அன்பு கும்பிட்டான். கதவைத் திறந்துகொண்டு ஓர் அம்மாள் கோபமாக வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

“ஏப்பா, கண்ணு அவிஞ்சா போச்சு? துண்டு போட்டுருக்குல்ல? அவுக ராத்திரி வேல பாத்துட்டு வந்து படுத்திருக்காக!”

“அக்கா, மன்னிச்சுக்கங்க...”

“விஜயகுமாரி அக்காங்களா?” தமிழ்நிலா குறுக்கே வந்தாள். “நான் முத்தாண்டிக்குப்பம் தமிழ்நிலா.”

அந்த அம்மாளின் முகம் மாறியதை அன்பு பார்த்தான். கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேட்டைத் திறந்து, தமிழ்நிலாவின் கையைப் பிடித்தாள்.

“நீயாத்தா? வா, உள்ள வா. வெளிய நிக்காத.”

வீட்டுக்குள் ஜன்னல் எல்லாம் சாத்தி, திரை போட்டு இருட்டு. பகல் தூக்கக்காரர் வீடு அப்படித்தான் இருக்கும். உள்ளறையிலிருந்து கருப்பசாமி வந்தார். லுங்கி, பனியன், ஆறடி உடம்பு. சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டே வந்தவர், வழியில் கிடந்த ஸ்டீல் நாற்காலியில் நன்றாக இடித்துக்கொண்டார்.

அன்புவுக்கு உயிர் போனது. தூக்கம் இன்னும் தெளியவில்லை மனிதருக்கு. வணக்கம் வைத்தான். அவர் திரும்பி வைக்கவில்லை. கோபமாக இருக்கும். நியாயமான கோபம்தான்.

“யாரு, நம்ம தாயியா?” என்றார் கருப்பசாமி. “கூட யாரு?”

“எங்கண்ணன் சார். அவசரமா வந்தோம். மூணு மணிக்கு டெஸ்ட்டு. மெஷின் புதுசு, சில்லு சேரல, சத்தம் வரல. உங்ககிட்ட பேசுற கார்டு இருக்குமே?”

“இருக்காவா! நீ சொன்ன மாதிரி ஒண்ணொண்ணாச் செருகிப் பாத்து வச்சிருக்கேன். ஏழு வாங்கினதுல மூணுதான் பேசுது.” அவர் அலமாரியில் கைவிட்டு ஒரு பிஸ்கெட் டப்பாவை எடுத்தார். வெளிச்சத்துக்குக்கூடப் போகாமல் அதற்குள் விரல்களை ஓட்டினார். சின்னச் சின்னதாகச் சவுண்டு கார்டுகள். சிலவற்றில் நூல் கட்டியிருந்தது. “ஓடுறதுக்கு ஒத்த முடிச்சு. ஓடும், ஆனா இரையும்னா ரெட்ட முடிச்சு. ஓடாததுக்கு நூலே கிடையாது. இந்தா, ஒத்த முடிச்சு. கெட்டியா வச்சுக்க.”

மெக்கானிக் புத்தி, எதற்கும் ஓர் அடையாளம் வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டான் அன்பு.

தமிழ்நிலா வாங்கி, முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டுக் கைக்குட்டைக்குள் வைத்தாள்.

“சார், நான் வாயே திறக்கல. அண்ணன்கிட்டகூட” என்றாள் மெதுவாக.

“தெரியும் தாயி. போயிட்டு வா. வேல கெடச்சா மொதல்ல இங்க வந்து சொல்லு. யாருக்குச் சொல்றியோ இல்லியோ, எனக்குச் சொல்லணும்.” அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ ஜெயிக்கணும்.”

முன்பின் பார்த்திராத பெண்ணுக்கு இவ்வளவு உருக்கமா என்று அன்புவுக்கு ஒரு கணம் தோன்றியது. யோசிக்க நேரமில்லை. இரண்டு இருபத்தைந்து.

திரும்பும்போது லாரி வரவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. மூன்று நிமிஷம் அங்கே போனது. அந்த மூன்று நிமிஷமும் தமிழ்நிலா அவன் தோளைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்தது.

இரண்டு ஐம்பதுக்கு மேஜை முன்னால். ஹரிணி வாங்கிச் செருகினாள்.

அமைதி.

“திரையில பேரு வந்துடுச்சு!” என்றாள் ஹரிணி. “மெஷின் கார்டைக் கண்டுபிடிச்சுடுச்சு!”

தமிழ்நிலா ஹெட்போனை அழுத்திக்கொண்டாள். தலையை ஆட்டினாள். ஒன்றும் இல்லை.

ஹரிணி எதையோ அழுத்தினாள். ஒன்றும் இல்லை. கழற்றி வேறு துளையில் செருகினாள். ஒன்றும் இல்லை. சுவர்க் கடிகாரம் இரண்டு ஐம்பத்தாறு என்றது. பக்கத்து அறையில் கொளஞ்சிநாதன் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த இன்னொரு பெண் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“ஹரிணி மேடம்” என்றாள் தமிழ்நிலா. பதறவில்லை. “சத்தம் எவ்ளோ வச்சிருக்குன்னு பாருங்க.”

ஹரிணி பார்த்தாள். நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள்.

“சைபர்ல இருக்குப்பா!”

ஏற்றினாள். ஏற்றின வேகத்தில் ஹெட்போனைத் தாண்டி வெளியிலேயே கேட்டது அந்தக் குரல். மூக்கடைத்த, ஜலதோஷம் பிடித்த, ஏற்ற இறக்கமே இல்லாத அந்த எந்திரத் தமிழ். ‘இந்தச் சனியனைக் கொஞ்சம் நிறுத்தித் தொலை’ என்று அன்பு வீட்டில் எத்தனையோ முறை திட்டியிருக்கிற அதே குரல்.

“திரை... வாசிப்பான்... தொடங்கியது.”

அன்பு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கல்யாண மேளத்துக்குக்கூட அவன் கண்ணில் அப்படித் தண்ணீர் வந்ததில்லை. ஹரிணி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் நிறுத்திவிட்டு அந்தக் கார்டின் எண்ணை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டாள்.

டெலிபோன் அடித்தது. சரியாக மூன்று.

“வணக்கம், விசாரணை மேஜை. சொல்லுங்க.” ஒரு காதில் போன், இன்னொரு காதில் எந்திரம். அவள் விரல்கள் விசைப்பலகைமேல் பல்லாங்குழி ஆடத் தயாராக நின்றன.

“நான் கம்மாபுரத்துலேர்ந்து பேசறேன்!” கொளஞ்சிநாதன் கோபக்காரக் குரலில் பக்கத்து அறையிலிருந்து கத்தியது போனிலும் கேட்டது, சுவர் வழியாகவும் கேட்டது. “எங்க மாமியாருக்கு முட்டி வலி. எலும்பு டாக்டர் இருக்காரா இல்லையா? சட்டுனு சொல்லும்மா, பஸ் வந்துடுச்சு!”

விரல்கள் ஓடின.

“எலும்பு டாக்டர் நாளைக்குக் காலையில பத்துலேர்ந்து ஒரு மணி வரைக்கும் இருப்பாருங்க. ஏழாம் நம்பர் டோக்கன் காலியா இருக்கு, போட்டுடறேன். மாமியார் பேரு சொல்லுங்க.”



“பேரா... மா... மாணிக்கம்மாள்.”

“வயசுங்க?”

“வயசு... ஏம்மா, அதெல்லாம் நான் யோசிக்கவே இல்லியே!”

“சீக்கிரம் சொல்லுங்க சார், பஸ் போயிடப்போவுது.”

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு போன் வந்தன. இரண்டாவதில் கொளஞ்சிநாதன் குடிகாரராகப் பேசினார். மூன்றாவதில் தவறான நம்பருக்கு அடித்தவராக. இரண்டையும் தமிழ்நிலா அவர்கள் மரியாதைக்கு ஏற்ற மரியாதையோடு அனுப்பிவைத்தாள்.

மூன்று இருபதுக்குக் கொளஞ்சிநாதன் வெளியே வந்தார்.

“திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடு. எட்டுன்னா எட்டு.” ஓர் அடி போய்விட்டுத் திரும்பினார். “எங்க மாமியாருக்கு அறுபத்தெட்டு. டோக்கனை கேன்சல் பண்ணிடாத. நிஜமாவே முட்டி வலி.”

ஹரிணி எண் குறித்த சீட்டைக் காட்டி, இதே கார்டு திங்கட்கிழமைக்குள் வரவழைத்துவிடுவேன் என்றாள். விண்ணப்பம், சான்றிதழ் நகல், கையெழுத்து எல்லாம் முடித்து, முடிச்சுப் போட்ட கார்டைக் கைக்குட்டையில் சுற்றி வாங்கிக்கொண்டு கிளம்பும்போது மணி ஐந்தரை. வழியில் அன்பு டீக்கடையில் நிறுத்தி இரண்டு டீயும் நான்கு மெதுவடையும் வாங்கினான். காலையிலிருந்து இரண்டு பேரும் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கே வந்தது. பிறகு ஒரு ஸ்வீட் கடை. அரைக் கிலோ ஜாங்கிரி.

“வூட்டுக்கா?” என்றாள் தமிழ்நிலா, தெரிந்துகொண்டே.

“முதல்ல அவருக்குச் சொல்லணும்னு சொன்னாரே.”

பதினெட்டாம் வட்டத்தை அடைந்தபோது வெயில் மரங்களுக்குப் பின்னால் போயிருந்தது. வானத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சம். தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், அதுவும் அந்த வீட்டுக் கேட்டையே ஸ்டம்பாக வைத்து. அன்பு பதறிப்போய்க் கேட்டைப் பார்த்தான்.

துண்டு இல்லை.

கருப்பசாமி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டில் பந்து டமார் என்று அடித்தது. “அடிங்கடா, நல்லா அடிங்க” என்றார் அவர், பந்து வந்த திசைக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்து.

“சார், கெடச்சிடுச்சு!” கேட்டிலிருந்தே கத்தினாள் தமிழ்நிலா. “திங்கக்கிழமை சேர்றேன்!”

அவர் எழுந்து நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். விஜயகுமாரி உள்ளேயிருந்து ஓடிவந்து தமிழ்நிலாவைக் கட்டிக்கொண்டு, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க போன பெறகு அவுகளே போய்த் துண்ட எடுத்தாக” என்றாள். “போதும் கழுத, இனிமே எதுக்குன்னுட்டாக.”

அன்பு ஜாங்கிரிப் பெட்டியை அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு, மதியத்திலிருந்து நெஞ்சில் கல்லாகக் கிடந்ததை இறக்கி வைத்தான்.

“சார், நீங்க பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும். நைட் ஷிஃப்ட் பாத்துட்டு வந்து படுத்தவரை எழுப்பிட்டோம். தூக்கக் கலக்கத்துல நாற்காலியில இடிச்சிகினீங்க, நான் பாத்தேன். இன்னிக்கு ராத்திரியும் மெஷின்ல ஏறணும். இப்பவாச்சும் ஒரு மணி நேரம் படுங்க சார்.”

கருப்பசாமி தமிழ்நிலா நின்ற பக்கம் திரும்பினார்.

“தாயி, நெசமாவே நீ உங்கண்ணன்கிட்டகூடச் சொல்லலையா?”

“சத்தியம்னா சத்தியம் சார்.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அன்புவுக்கு ஒன்றும் புரியவில்லை. கைக்குட்டையிலிருந்து கார்டை எடுத்து அவரிடம் நீட்டினான். நீட்டின கை நீட்டியபடியே நின்றது. அவர் வாங்கவில்லை. கோபமும் இல்லை, சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் வாங்கவில்லை.

“அவரு கையில வைண்ணா” என்றாள் தமிழ்நிலா.

வைத்தான். தடித்த விரல்கள் அதை மெதுவாக உருட்டி, நூலைத் தேடி, முடிச்சைக் கண்டுபிடித்து நின்றன.

“போன் அடிச்சது எனக்குக் கேட்டுச்சு தம்பி. எங்க வச்சேன்னு தடவிக்கிட்டிருக்கும்போதே நின்னுபோச்சு” என்றார் கருப்பசாமி. “நான் கடேசியா நைட் ஷிஃப்ட் பாத்தது சித்திரையில. லீவு போட்டு வீட்டோட கெடக்கேன். பகல்ல ஏன் வீட்டுல இருக்கன்னு ஒருத்தனும் வந்து கேக்கக் கூடாதுன்னுதான் நாலு மாசமா அந்தத் துண்டு. பொழுது சாஞ்சா எனக்குக் கண்ணு தெரியாதப்பா. பகல்லயும் கொஞ்சங்கொஞ்சமாப் போய்க்கிட்டிருக்கு. இந்த முடிச்சுப் போடுற வித்த இருக்கே, அது உன் தங்கச்சி எனக்குப் போன்ல சொல்லிக் குடுத்தது.”